புகைவண்டியிற் கைக்குழந்தை

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டுக் கூட்டத்தில் யாதானும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபோது, யாம் தமிழாசிரியராதலின் இலக்கியம்பற்றியே பேசுவோம் என்று அவர் கருதியிருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டவுடன் அவர் நகைத்தார். "ரயிலில் குழந்தை அழுவதைப்பற்றிப் பேசுவதற்கு ஒரு பண்டிதர் வேண்டுமோ?" என்றார். வேண்டும் என்பதே எம் கருத்து. குலதெய்வ வழிபாட்டிற்காக நம் குடும்பங்கள் பல ஒருங்குசேர்ந்து இரவு வண்டியிற் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. தலைப்பேற்றிற்குத் தாய்வீடு சென்ற பெண், மூன்றாம் திங்களிலோ ஐந்தாம் திங்களிலோ குழந்தையுடன் கணவன் வீடு திரும்புவதும் பெரும்பாலும் வண்டியிலேதான். முடியிறக்குதல், காதுகுத்துதல் என்று பச்சிளங் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாம் செய்யும் பயணங்கள் பல. ஆகலின் இஃது அயலார் வீட்டுக் கதையன்று.

புகைவண்டி என்று யாம் கூறுவது கேட்டு இளைஞர் சிலர் முறுவலிக்கின்றனர். புகை போய்ப் பல்லாண்டுகள் ஆயின, பெயர் போகவில்லை, நிற்க. 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள், இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கமாகத் தென்னாட்டின் முதல் வண்டி புறப்பட்டது. அன்றுதொட்டு, முன்பின் அறியாதார் ஒரே அறையில் முழங்கால் முட்ட அமர்ந்தும், ஒருவர் தலைமேல் ஒருவர் படுத்தும் இரவைக் கழிக்கும் புதுநிலை நமக்கு வாய்த்தது. திண்ணையில் இருத்தற்கு ஓர் ஒழுங்கும், பந்தியில் அமர்தற்கு ஓர் ஒழுங்கும், கோயிலில் நிற்றற்கு ஓர் ஒழுங்கும் முன்னோர் வகுத்துத் தந்தனர். வண்டிப்பெட்டிக்கு அவர்கள் ஒன்றும் வகுத்துத் தரவில்லை. அதனை நாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

முதற்கண் எம் குற்றமொன்றை அவையறியக் கூறிவிடுதல் முறை. இற்றைக்கு இருபத்திரண்டு ஆண்டுகட்கு முன், ஆசிரியப் பணிக்குரிய தேர்வொன்றை எழுதிவிட்டு, எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் இரவு வண்டியில் ஊர் திரும்பினோம். எமக்கு நடுப்படுக்கை. அதன் கீழ்ப்படுக்கையில் இளந்தாய் ஒருவர், ஏழெட்டுத் திங்கள் நிரம்பிய குழந்தையுடன் தனியே வந்தார். செங்கற்பட்டுத் தாண்டியதும் விளக்கணைத்துப் படுத்தோம். விழுப்புரம் வருமுன்னரே குழந்தை அழத் தொடங்கிற்று. தாய் தட்டினார், முணுமுணுத்துத் தாலாட்டினார், அழுகை நின்றபாடில்லை. தேர்வு எழுதிய களைப்பும், இளமைச் செருக்கும் எம்மிடத்தில் இருந்தன. மேலிருந்து குனிந்து, "கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாதா? பத்துப்பேர் தூங்க வேண்டாமா?" என்றோம். எதிர்ப்படுக்கையிலிருந்த ஒருவர் எம் சொல்லை ஆமோதிப்பார்போல் இருமினார். அவ்வம்மையார் மறுமொழி யாதுங் கூறாது, குழந்தையைத் தோளிற் சாத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். யாமும் வழக்கொன்றில் வென்றவர்போலத் திரும்பிப் படுத்து உறங்கினோம்.

வண்டி திண்டுக்கல்லை அணுகும்போது முகங்கழுவச் சென்றோம். பெட்டியின் ஈற்றில், கழிப்பறைக்கும் வாயிற்கதவுக்கும் இடையே, கைகழுவுந் தொட்டியின் அடியில் நாளிதழ் ஒன்றை விரித்து அவர் அமர்ந்திருந்தார். கதவு முற்றச் சாத்தப்படவில்லை. அதன் இடுக்கு வழியாகக் குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. முந்தானையாற் போர்த்தப்பட்ட குழந்தை மடியில் உறங்கிற்று, தாய் உறங்கவில்லை. எம்மைக் கண்டபோது அவர் சினந்தாரல்லர். "எல்லாரும் தூங்கி எழுந்தாச்சா ஐயா? இனி உள்ளே வரலாமா?" என்று கேட்டார்.

அவ்வினாவிற்கு யாம் அன்று விடை கூறவில்லை, இன்றும் கூறவியலாது. மதுரையில் அவர் இறங்கினார். ஊரும் பெயரும் யாம் கேட்டோமல்லேம். அப்படுக்கை அவர் பணங்கொடுத்து முன்பதிவு செய்தது. இரவின் பெரும்பகுதி அது வெறுமையாய்க் கிடக்க, அதற்கு நேர்மேலே யாம் உறங்கினோம்.

அக்குழந்தை அவ்விரவு ஏன் அழுதது என்பதற்கு எமக்குத் தோன்றிய விடையைச் சொல்லுமுன், படுக்கைப் பெட்டியின் அமைப்பைச் சிறிது கூறுவோம். வண்டியேறாதார் இவ்வவையில் இலரேனும், அதனை இந்நோக்கிற் கண்டவர் சிலரே. ஓர் அறைக்கு எட்டுப் படுக்கைகள். எதிரெதிரே மும்மூன்று, நடைவழிக்கு அப்பால் இரண்டு. பழைய வகைப் பெட்டியில் இவ்வாறு 72 படுக்கைகளும், புதிய வகைப் பெட்டியில் 80உம் உள்ளன. பகலில் நடுப்படுக்கை மடிந்து முதுகுக்குச் சாய்வாகின்றது. இரவில் அதனை உயர்த்திச் சங்கிலியில் மாட்டிவிட்டால், கீழ்ப்படுக்கையில் இருப்பவர் நிமிர்ந்து உட்காரவியலாது, தலை இடிக்கும். படுத்துக்கொண்டே பாலூட்டலாமே எனின், ஒருவர் புரண்டு படுக்கவும் போதாத அகலம், வண்டியோ ஆடுகின்றது. எல்லாக் குழந்தையும் படுத்துப் பால் குடியாது. பால் குடித்த குழந்தையைத் தோளிற் சாத்தி முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்தற்கும் தாய் நிமிர்ந்திருத்தல் வேண்டும். ஆக, உயர்த்தப்பட்ட நடுப்படுக்கை ஒன்றே தாய்க்கும் சேய்க்கும் இடையூறாகப் போதுமானது. அவ்விரவு உயர்த்தப்பட்டிருந்த நடுப்படுக்கை எம்முடையது. இது யாம் தந்தையான பின்னரே எமக்கு விளங்கிற்று.

சட்டம் எம் பக்கமே இருந்தது என்பதையும் மறைக்க வேண்டா. நடுப்படுக்கைக்கு உரியவர் இரவில் அதனை உயர்த்திப் படுத்துக்கொள்ளலாம். முன்னர் இரவு 9 மணிமுதல் காலை 6 மணிவரை என்றிருந்த உறக்கப் பொழுதை 2017ஆம் ஆண்டில் 10 மணிமுதல் 6 மணிவரை என மாற்றினர். நோயுற்றாரும் கருவுற்ற மகளிரும் அப்பொழுதிற்கு மேலும் உறங்க விரும்பின் ஏனையோர் ஒத்துழைக்குமாறும் அறிவுறுத்தினர். கைக்குழந்தையின் தாய் நள்ளிரவில் உட்கார விரும்பின் என் செய்வதென்பதற்கு விதி ஏதும் எழுதப்படவில்லை, எழுதவும் வேண்டுவதில்லை. சட்டம் சொல்லாது விட்ட இடத்தை நிரப்புதற்கே வள்ளுவனார் கண்ணோட்டம் என ஓர் அதிகாரம் வைத்தார். அச்சொல்லை இக்காலத்து நாளிதழ்கள் 'கருதும் முறை' என்னும் பொருளில் வழங்குகின்றன. 'என் கண்ணோட்டத்தில்' என்று தொடங்காத மேடைப் பேச்சே அரிதாயிற்று. பழம்பொருள் அதுவன்று. பிறர் துன்பம் கண்டவிடத்து நம் கண் அவர்மேல் ஓடுதலே கண்ணோட்டம். வண்டியில் நம் கண் எங்கே ஓடுகின்றது? செல்பேசியில் ஓடுகின்றது.

இனி, எமக்கு அதனைக் கற்பித்த ஆசிரியரைப்பற்றிக் கூறுவோம். ஒன்பது ஆண்டுகட்கு முன், எம் மகள் ஐந்தாந் திங்களில் இருந்தபோது, தாய்வீட்டிலிருந்து மனைவியாரையும் மகளையும் அழைத்துக்கொண்டு திருநெல்வேலியில் இரவு வண்டி ஏறினோம். எம் அன்னையாரும் உடன் வந்தார். மனைவியார்க்குக் கீழ்ப்படுக்கை, எமக்கு மேற்படுக்கை, நடுவே ஒரு மோட்டார்ப் பட்டறைத் தொழிலாளி. நகக்கண்களில் எண்ணெய்க் கறுப்புப் படிந்திருந்த அவர், விருதுநகர் வருமுன்னரே குறட்டைவிட்டு உறங்கிவிட்டார். மதுரை தாண்டியதும் எம் மகள் விழித்தாள். திண்டுக்கல்லில் அவள் அழுகை பெட்டி முழுதும் கேட்டது.

அப்போது யாம் என் செய்தோம்? மேற்படுக்கையிற் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தோம். உறங்கவில்லை, உறங்குவார்போற் கிடந்தோம். இறங்கி வந்தால் எல்லார் முகமும் எம்மை நோக்குமே என்னும் நாணமே காரணம். அந்நாணம் முழுவதையும் மனைவியார் ஒருவரே சுமக்குமாறு விட்டோம். இவ்வவையில் இருக்கும் கணவன்மாருட் பலர் இவ்வாறு கண்மூடிக் கிடந்திருப்பர் என்பதை அவர்கள் இப்போது தலைகுனிவதிலிருந்தே அறிகின்றோம்.

முதலில் இறங்கியவர் அத்தொழிலாளியே. யாதொன்றும் பேசாது தம் போர்வையைச் சுருட்டி மேலே வைத்தார். சங்கிலியைக் கழற்றி நடுப்படுக்கையைத் தாழ்த்தினார். "உட்கார்ந்து கொடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வாயிற்பக்கம் போய்விட்டார். யாம் வெட்கி இறங்கி அவர் பின்னே சென்று மன்னிப்புக் கேட்டோம். "அழுவது பிள்ளைக்குத் தொழில் ஐயா. எனக்கும் வீட்டில் ரெண்டு இருக்கு" என்றார். திருச்சிராப்பள்ளி வரும்வரை அவர் உள்ளே திரும்பவில்லை. விடிந்தால் அவருக்குப் பட்டறையில் நின்றுகொண்டு செய்யும் வேலை. தம் உறக்கத்தில் இரண்டு மணி நேரத்தை அறியாத குழந்தை ஒன்றிற்கு அவர் ஈந்தார். யாம் முன்னொரு நாள் ஒரு தாயிடத்திலிருந்து இரவு முழுவதையும் பறித்தோம்.

அவ்விரவே நிகழ்ந்த இன்னொன்று. திண்டுக்கல்லிற் பூக்கூடையோடு ஏறிய மூதாட்டி ஒருவர் வாயிலருகே தரையில் அமர்ந்திருந்தார். மனைவியார் கழிப்பறை செல்ல வேண்டியிருந்தபோது அவரே கைநீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். ஆட்டுகின்ற வகையறிந்து ஆட்டினார், அழுகை தணிந்தது. எம் அன்னையார் அருகிற் சென்று, "நீங்க எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளைங்க?" என்று வினவினார். அவ்வினாவின் பொருள் அம்மூதாட்டிக்கு விளங்காமல் இல்லை. "பூக்காரி வீட்டுப் பிள்ளைதான் அம்மா" என்று சொல்லிக்கொண்டே, தட்டுங் கையை நிறுத்தாது தட்டினார். நம் மரபினர் கூடிய மேடையில் நின்று இதனைக் கூறுதல் சிலர்க்கு உவப்பாகாது என்பதறிவோம். ஆயினும் அவ்வினாவை நம் வீட்டு முதியோர் வண்டியேறுமுன் நிலையத்திலேயே விட்டுவிட்டு வருதல் நன்று. உதவிய கையை யாருடையது என்று ஆராய்வார்க்கு, அடுத்த முறை எக்கையும் நீளாது.

'குழந்தை அழுதால் நாங்களுந்தாம் மனிதர். எங்கட்கு உறக்கம் வேண்டாவா?' என்று கேட்பாரும் உளர். அக்கேள்வியில் நேர்மை உண்டு. மக்களின் மழலையைக் குழலோசைக்கும் யாழோசைக்கும் மேலாக வைத்த வள்ளுவனாரும் மழலையைத்தான் அவ்வாறு கூறினாரேயன்றி நள்ளிரவு அழுகையைக் கூறினாரல்லர். அம்மழலையும் தம் மக்களுடையதாயின்தான் இனிது என்று வரையறுத்தே வைத்தார்! ஆயின் ஒன்று. குழந்தை வேண்டுமென்று அழுவதில்லை. அழுகையை நிறுத்தும் விசையொன்று தாயின் கையில் இல்லை. செல்பேசியில் பாட்டு முழக்குவார் கையில் அவ்விசை உண்டு. இரவு 10 மணிக்குமேல் உரத்த பாட்டும் பேச்சும் ஆகாவென்று ரயில்வேயார் 2022ஆம் ஆண்டில் அறிவுறுத்தியும், திரைப்பாட்டுக் கேட்டுக்கொண்டே குழந்தையின் அழுகையைக் குறைகூறும் மேன்மக்களை யாம் பலகாற் கண்டுள்ளோம். உறக்கம் வேண்டுவார் பஞ்சினாற் காதை அடைத்துக்கொள்ளலாம். அதுவும் இயலாவிடிற் பொறுத்துக்கொள்ளலாம். 'உச்' என்னும் ஒலியும், திரும்பிப் பார்க்கும் பார்வையும் குழந்தையின் அழுகையை ஒரு நொடியேனும் குறைத்ததில்லை. தாயின் கையை நடுங்கச் செய்கின்றன. நடுங்குங் கையிற் குழந்தை மேலும் அழும்.

தாய் பாலூட்டத் தொடங்கும்போது ஆடவர் செய்யத்தக்கது மிக எளிது. கால்நீட்டி வருவார்போல எழுந்து சிறிது நேரம் வாயிற்பக்கம் போய்வரலாம். நெரிசலில் எழவியலாதாயின் சாளரத்தின் வெளியே நோக்கலாம். அவர்க்கு மறைப்பாகச் சேலையொன்றைப் பிடித்து நிற்றல் அருகிலுள்ள மகளிர்க்கு உரிய உதவி. 2015ஆம் ஆண்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. ஓடும் வண்டிப்பெட்டியில் அத்தகைய அறை இல்லை. நம் பார்வையை விலக்குதலே நாம் கட்டித்தரும் அறை.

இனிக் குழந்தையைக் கொஞ்சுவாரைப்பற்றி. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் பத்துப் பருவம் வகுத்தனர். அவற்றுட் காப்புப் பருவம் முதலாவது. முத்தப் பருவம் ஐந்தாவது. இவ்வரிசையை வண்டியில் நம்மவர் தலைகீழாக்கிவிடுகின்றனர். தாயை ஒரு சொல்லுங் கேளாது குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவர்; தூக்குவர்; முத்தமிடுவர்; நான்கு படுக்கை கடந்து கைமாறிப் போய்க் குழந்தை திரும்பி வரும். அன்பு என்றே செய்கின்றனர், ஐயமில்லை. ஆயின் இக்காலத்துக் காப்பு தடுப்பூசி. நம் நாட்டு முறைப்படி கக்குவான் முதலியவற்றிற்கான ஊசி பிறந்து ஆறாம் வாரத்திலேதான் தொடங்குகின்றது. தட்டம்மைக்கான முதல் ஊசி ஒன்பது திங்கள் நிரம்பிய பின்னரே. அதற்கு முற்பட்ட குழந்தைக்கு, இருமிக்கொண்டே கொடுக்கும் முத்தம் நோயாய் முடிதலும் உண்டு. கேட்டுத் தொடுக, தொடுமுன் கை கழுவுக, முத்தத்தைத் தம் வீட்டுக் குழந்தைக்கென வைத்துக்கொள்க. தாய் 'வேண்டாம்' என்றால் அதனை அவமதிப்பாகக் கொள்ளற்க. நாம் நீட்டும் பிஸ்கோத்தையும் தேநீரையும் அவர் மறுத்தாலும் அங்ஙனமே. ஆறு திங்கள் வரை தாய்ப்பாலன்றி நீரும் வேண்டா என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தார் அறிவுரை; 'ஒரு வாய் டீ என்ன செய்துவிடும்' என்னும் மாமியார் மருத்துவத்தை அவர்கள் ஒப்புவதில்லை.

இதுகாறும் பிறர் கடமை கூறினோம். குழந்தையைக் கொண்டு செல்வார் கடமை இல்லையோ எனின், உண்டு. அதிலும் நம் மரபினர்க்குச் சற்று மிகுதியாகவே உண்டு. நாம் கூட்டமாய்ச் செல்லும் வழக்கமுடையேம். கூட்டமாய்ச் சென்றால் வண்டி நம் வீட்டுத் திருமண மண்டபம் என்னும் எண்ணம் வந்துவிடுகின்றது. தூக்குச் சட்டிகள் நடைவழியை அடைக்கின்றன. குழந்தை இருக்கின்றதே என்று பிறர் படுக்கையைக் கேளாமலே விரித்துக்கொள்கின்றோம். கேட்டுப் பெறுவது உதவி. கேளாது கொள்வது வேறு பெயருடையது.

தூளி கட்டுதல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதனை ஏணை என்றும் கூறுவர். மேற்படுக்கைகளின் கம்பிகளில் பழஞ்சேலையை இருபுறமும் முடிந்து குழந்தையை இட்டு ஆட்டினால், வண்டியே பாதி ஆட்டிக்கொடுக்கும். இதனினும் நல்ல உறக்கம் குழந்தைக்கு வேறில்லை. யாமும் கட்டியிருக்கின்றோம். ஆயின் அறையின் குறுக்கே தொங்கும் தூளி எதிரெதிரே இருப்பார் அனைவரையும் கட்டிப்போடுகின்றது. ஒருவரும் எழவியலாது, நடுப்படுக்கையை உயர்த்தவியலாது. ஆகவே அறையிலுள்ளார் எல்லாரையுங் கேட்டே கட்டல் வேண்டும். படுக்கும் நேரம் வந்ததும் தாமே அவிழ்த்துவிடல் வேண்டும். தாழக் கட்டல் வேண்டும். பெட்டிகளை இழுத்து நடப்பார் மோதும் இடத்திற் கட்டலாகாது. முடிச்சை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தல் வேண்டும். ஒரு முறை, நம் உறவின்முறைப் பெரியவர் ஒருவர் அபாயச் சங்கிலியின் கைப்பிடியையே தூளிக்குத் தகுந்த கொம்பாகத் தேர்ந்தெடுத்தார். நற்பேறாக டிக்கெட் பரிசோதகர் அவ்வழி வந்தார். தக்க காரணமின்றி அச்சங்கிலியை இழுத்தார்க்கு ஓராண்டு வரை சிறையோ, 1000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் விதிக்கப்பட்டுள்ளன. பேரனைத் தூங்க வைத்ததற்காகச் சிறை சென்றார் என்னும் பெருமை அப்பெரியவர்க்குக் கிட்டாது போயிற்று.

அருவருப்பாயினும் சொல்லத்தக்க செய்தி ஒன்று. குழந்தைக்கு இடும் டயபரை மாற்றியபின் கழிப்பறைக் குழியில் எறிவார் உளர். சாளரம் வழியே எறிவாரும் உளர். இக்காலத்து வண்டிகளிற் கழிவு முன்போல் இருப்புப் பாதையில் விழுவதில்லை. பெட்டியின் அடியில் தொட்டி ஒன்று உளது; அதனுள் வாழும் நுண்ணுயிர்கள் மலத்தைத் தின்று நீராகவும் வளியாகவும் மாற்றுகின்றன. அந்நுண்ணுயிர்கள் டயபரையும் துணியையும் தின்னா. ஒரு டயபர் அடைத்துக்கொண்டால் எண்பது பேர்க்கும் அவ்விரவு துன்பம்; அடுத்த நிலையத்தில் அதனைக் கையாற் பிடுங்கும் தொழிலாளிக்கு அதனினும் பெரிய துன்பம். இரண்டு பழைய நாளிதழும் சில உறைகளும் எடுத்துச் சென்று, சுருட்டி உறையிலிட்டுக் குப்பைத் தொட்டியிற் சேர்த்தல் எவர்க்கும் அரிதன்று. மாற்றுவதையும் பிறர் உண்ணும் நேரத்தில் இருக்கையின்மீது செய்யாதிருத்தல் நலம்.

புட்டிப்பால் கொடுப்பார் மாவைத் தனியேயும், கொதித்த நீரைப் பிளாஸ்கில் தனியேயும் கொண்டுசென்று, வேண்டும்போது கலந்து, கொடுக்குமுன் ஆற வைத்துக் கொடுக்க. கலந்த பாலை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்திருத்தலாகாது. வீட்டிலேயே இரவு முழுவதற்கும் கலந்துகொண்டு போகும் வழக்கம் தீங்கு தருவது. கீழ்ப்படுக்கையிற் குழந்தையைக் கிடத்துங்கால் சுவர்ப்பக்கமாகக் கிடத்துக. சாளரத்தின் இரும்புக் கதவு வண்டி குலுங்குகையில் திடுமென விழுந்து பிஞ்சு விரலை நசுக்கும், அதனைத் தாழிட்டுவிடுக. அம்புலிப் பருவத்துக் குழந்தைக்குச் சாளரமே அம்புலியாதலின் இவ்வெச்சரிக்கை பகலிலும் வேண்டும்.

முன்பதிவு செய்யும் முறையிலும் சிறிது கருத்து வேண்டும். ஐந்தாண்டு நிரம்பாத குழந்தைக்குக் கட்டணமில்லை; அதனால் தனிப்படுக்கையும் இல்லை. வேண்டுவோர் முழுக்கட்டணம் செலுத்திப் பெறலாம். கருவுற்ற மகளிர்க்கும் முதியோர்க்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உளது. மகப்பேறு ஆன மறுநாளே அவ்வுரிமை போய்விடுகின்றது, சுமையோ இரட்டிப்பாகின்றது! 2022ஆம் ஆண்டு மேத் திங்களில் லக்னோ மெயில் வண்டியின் பெட்டி ஒன்றிற் கீழ்ப்படுக்கையோடு இணைந்த, மடக்கத்தக்க குழந்தைப் படுக்கையை வைத்துப் பார்த்தனர், நல்ல எண்ணம். நாம் எண்ணத்தக்கது யாதெனின், நாள் கடத்தாது பதிவு செய்தல். 2024 நவம்பர் முதல் 60 நாட்கு முன்னரே முன்பதிவு தொடங்குகின்றது. முன்பு 120 நாளாயிருந்தது. கடைசி நாளிற் பதிவு செய்து, ஒரே இருக்கையை இருவர் பகிரும் ஆர்.ஏ.சி. டிக்கெட்டிற் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணை அயல் ஆடவர் அருகே இரவு முழுதும் உட்கார வைத்துவிட்டு, நிலையத்தில் நின்று கையசைத்து அனுப்பும் கணவன்மாரை என்னென்பது! இடையூறு நேரின் 139 என்னும் எண்ணிற்கு அழைக்கலாம் என்பதையேனும் அப்பெண்ணுக்குச் சொல்லி அனுப்புக.

2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில், தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற சிறப்பு வண்டி ஒன்று போபால் நிலையத்தில் நின்றபோது, கைக்குழந்தைக்குப் பாலின்றித் தவித்த தாய் ஒருவர் அங்கிருந்த ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் இந்தர் சிங் யாதவிடம் முறையிட்டார். அவர் நிலையத்திற்கு வெளியே சென்று பால் வாங்கி வருமுன் வண்டி நகர்ந்துவிட்டது. ஒரு கையில் துப்பாக்கியும் மறுகையிற் பாற்பொதியுமாக அவர் வண்டியோடு ஓடிச் சாளரம் வழியே கொடுத்த காட்சி நிலையத்துப் படக்கருவியிற் பதிந்து நாடெங்கும் பரவிற்று. அத்தகைய ஓட்டம் நம்மிடம் எவரும் வேண்டவில்லை. பட்டறைத் தொழிலாளி செய்ததுபோல ஒரு சங்கிலியைக் கழற்றினாற் போதும்.

இனி, இப்பொருளை இன்று எடுத்தற்கு உண்மைக் காரணத்தைக் கூறி அமர்கின்றோம். குலதெய்வ வழிபாட்டிற்கு நாம் இவ்வாண்டு செல்லும் பயணத்திற்குப் படுக்கைப் பங்கீட்டுப் பட்டியல் ஆயத்தமாகியுள்ளது. சென்ற ஆண்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். கீழ்ப்படுக்கைகள் முதலில் நிர்வாகக் குழுவினர்க்கும், பின்னர் நன்கொடையாளர்க்கும் அளிக்கப்பட்டிருந்தன. கைக்குழந்தையுடன் வந்த மூன்று பெண்களுள் இருவர்க்கு நடுப்படுக்கை, ஒருவர்க்கு மேற்படுக்கை. மேற்படுக்கை பெற்றவர் இரவு முழுதும் படுக்கவே இல்லை என்பதைப் பின்னரே கேள்விப்பட்டோம். அவர் எவரிடமும் முறையிடவில்லை. முழங்கால் நோயுடைய முதியோர்க்குக் கீழ்ப்படுக்கை வேண்டும், அதில் மாறுபாடில்லை. முழங்கால் நலமுடைய நிர்வாகிகள் எண்மர் உளர். இவ்வாண்டு கைக்குழந்தையுடன் வருவார் நால்வர். பட்டியல் செயலாளர் அவர்கள் மேசைமேல் உளது; எழுதுகோலும் அருகே உளது. எம் பெயருக்கு நேரே இருந்த 'கீழ்' என்பதை அடித்து 'மேல்' என்று காலையிலேயே எழுதிவிட்டோம். கூட்டம் கலையுமுன் ஏனையோரும் பார்த்துக் கையெழுத்திடுமாறு வேண்டுகின்றோம்.